ஆளை மட்டுக்கட்டுவது

வாழைச்சேனைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒருவரைக் கடைவாசலில் நிற்கும் முதியவர் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். "ஆரு இது? மட்டுக்கட்ட ஏலாமக் கிடக்கு. ஆர்ர மகன் நீ?" என்கிறார். வந்தவர் தகப்பன் பேரைச் சொல்கிறார், தாயின் ஊரைச் சொல்கிறார். "அட, அவன்ட மகனா! மூக்கப் பார்த்தாலே தெரியுதே" என்று முதியவரின் முகம் மலர்கிறது. நம் பக்கத்தில் நாள்தோறும் நடக்கிற காரியம்தான். தேத்தண்ணி ஆறுவதற்குள், அந்த ஒரு நிமிடத்தில் என்னென்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

முதலில் அந்தச் சொல். மட்டு என்றால் அளவு. மட்டுமதிப்பாக ஒன்றைச் சொல்கிறோம், மட்டாகச் செலவழி என்கிறோம். ஆளை மட்டுக்கட்டுவது என்றால், கண்ணில் பட்டவரை ஏற்கெனவே நமக்குத் தெரிந்தவர்களோடு வைத்து அளந்து, இன்னார்தான் என்ற முடிவுக்கு வருவது. இருட்டில் வருபவரை நடையை வைத்து மட்டுக்கட்டலாம். தொலைபேசியில் குரலை வைத்து மட்டுக்கட்டலாம். "தெரியும்" என்று ஒருவர் சொன்னால் அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. "மட்டுக்கட்டிட்டன்" என்றாலோ, அளந்து பார்த்துச் சொல்கிறேன், பிழைக்கவும் கூடும் என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான். மனித மனம் உண்மையில் செய்வதை இவ்வளவு சரியாகச் சொல்லும் சொல் அதிகம் இல்லை.

அந்த முதியவர் பெயரைக் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். யாருடைய மகன் என்றுதான் கேட்டார். மட்டக்களப்புப் பக்கம் தமிழரிலும் முஸ்லிம்களிலும் குடி என்பது தாய்வழியாக வருவது. அதனால் தகப்பன் பேர் சொன்ன பிறகும் தாய் எந்த ஊர், எந்தக் குடி என்று விசாரிப்பது வழக்கமாயிற்று. ஆனால் ஊர் வழக்கத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. 1985இல் பிரித்தானியாவில் யங், ஹே, எல்லிஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் சிலரிடம் நாட்குறிப்பைக் கொடுத்து, ஆட்களை மட்டுக்கட்டுவதில் நேர்ந்த தடுமாற்றங்களையெல்லாம் எழுதிவரச் சொன்னார்கள். முகம் பழக்கமானது, ஆனால் ஆர் என்று பிடிபடவில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். ஆர் என்று தெரிகிறது, என்ன தொழில் என்றுகூடத் தெரிகிறது, பேர்தான் வாயில் வரவில்லை என்றும் பலர் எழுதியிருந்தார்கள். பேர் தெரிந்தது, ஆளைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை என்று ஒருவரும் எழுதவில்லை.

அதாவது மனம் ஓர் ஒழுங்கில் போகிறது. முகம் முன்னே கண்டது என்ற உணர்வு முதலில் வருகிறது. அந்த ஆளைப் பற்றிய செய்திகள், எங்கே இருந்தவர், ஆருக்குச் சொந்தம் என்பவை அடுத்து வருகின்றன. பேர் கடைசியில் வருகிறது. "ஆர்ர மகன்?" என்று கேட்பவர் நடுப்படியில் நின்றுகொண்டு மேலே ஏறப் பார்க்கிறார். பேர் மறந்துபோனதற்காக வயது போய்விட்டதே என்று கவலைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பேர் எல்லோருக்குமே கடைசிப்படிதான்.

முதற்படியின் பலம் வியப்பானது. 1975இல் பாரிக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் துணையாளர்களும், பாடசாலையை விட்டுப் போன 392 பேரிடம் கூடப் படித்தவர்களின் பழைய படங்களைக் காட்டினார்கள். சிலர் பாடசாலையை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன, சிலருக்குப் பல பத்தாண்டுகள். 35 ஆண்டுகள் கழிந்தவர்கள்கூட, வேறு ஆட்களின் படங்களுக்கு நடுவே தங்கள் வகுப்புத் தோழர்களின் முகங்களைப் பத்துக்கு ஒன்பது தடவை சரியாகத் தேர்ந்தார்கள். படம் எதுவும் காட்டாமல், கூடப் படித்தவர்களின் பேர்களைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது வந்தவை சொற்பமே. முப்பது வருடம் லண்டனிலோ கனடாவிலோ இருந்துவிட்டு வருபவரைச் சந்தையில் கண்டதும் ஒருவர் கூப்பிட்டுவிடுவது இந்தப் பலத்தால்தான்.

மூளையின் அடிப்பக்கத்தில், காதுக்குச் சற்றுப் பின்னால், முகங்களுக்கென்றே மிகுதியாக உழைக்கிற பகுதி ஒன்று இருக்கிறது. அதில் அடிபட்டால் பார்வை நன்றாக இருக்கும், மூக்கும் கண்ணும் தனித்தனியே தெளிவாகத் தெரியும், ஆள் மட்டும் பிடிபடாது. பிறவியிலேயே இக்குறை உள்ளவர்களும் இருக்கிறார்கள். நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஒலிவர் சாக்ஸ் அப்படிப்பட்டவர். கண்ணாடியில் தெரிவது தன் முகம்தானா என்றே தடுமாறியதைப் பற்றி அவர் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். நடை, குரல், உடுப்பு என்று வேறு வழிகளில்தான் அவர் ஆட்களை மட்டுக்கட்டினார்.

இப்போது எல்லோருக்கும் இருக்கிற ஒரு பிழையான எண்ணத்துக்கு வருவோம். தெரிந்த முகங்களை இவ்வளவு இலேசாக மட்டுக்கட்டுகிறோம் அல்லவா, அதனால் முகம் பார்ப்பதிலேயே நாம் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு படத்தையும் ஓர் ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒருவர்தானா என்று கண் உள்ள எவரும் சொல்லிவிடலாம் என்று நம்புகிறோம். அது அப்படி இல்லை.

2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. ஜென்கின்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் நெதர்லாந்துப் பிரபலங்கள் இருவரின் படங்களை, ஒருவருக்கு 20 வீதம், 40 சிறு அட்டைகளாக்கினார்கள். அவற்றைக் கலைத்து, அந்த இருவரையும் முன்பின் கண்டிராத பிரித்தானியர்களிடம் கொடுத்து, ஒரே ஆளின் படங்களை ஒன்றாக அடுக்குங்கள் என்றார்கள். எத்தனை ஆட்கள் என்பதைச் சொல்லவில்லை. இரண்டு அடுக்குகள் வரவேண்டிய இடத்தில் ஏழு எட்டு அடுக்குகள் வந்தன. ஒருவர் பதினாறு அடுக்கு வைத்தார். இரண்டே ஆட்கள் என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதே அட்டைகளை அந்தப் பிரபலங்களைத் தெரிந்த நெதர்லாந்துக்காரர்களிடம் கொடுத்தபோது, ஏறக்குறைய எல்லோருமே இரண்டு அடுக்கு வைத்துவிட்டார்கள்.

ஏன் இப்படி? ஒரே முகம் வெயிலில் ஒரு மாதிரி, டியூப் லைட்டில் ஒரு மாதிரி. தாடி வளர்ந்தால், மெலிந்தால், சிரித்தால், கமெரா கொஞ்சம் கிட்ட வந்தால், வேறு வேறு மாதிரி. நமக்குத் தெரிந்தவரின் இந்த மாற்றங்களையெல்லாம் நாம் வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து உள்வாங்கியிருக்கிறோம். தங்கச்சி காய்ச்சலில் கிடந்தால் அவள் முகம் எப்படி இருக்கும் என்பதுவரை தெரியும். அந்நியர் விடயத்தில் கையில் இருப்பது ஒரே ஒரு படம். அதிலிருந்து அவருடைய மற்ற முகங்களை ஊகிக்க மனத்துக்கு வழியில்லை. மட்டுக்கட்ட மட்டு வேண்டும். அந்த அளவு நம்மிடம் இல்லாதபோது, எவ்வளவு உற்றுப் பார்த்தும் பயனில்லை.

தொழில் பழக்கம் உதவாதா என்று கேட்பீர்கள். அவுஸ்திரேலியாவின் கடவுச்சீட்டு அலுவலர்களையே இப்படிச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஆள் எதிரே நிற்கிறார், திரையில் படம் இருக்கிறது. வேறொருவரின் படம் காட்டப்பட்ட தடவைகளில் 14 வீதம், அதே ஆள்தான் என்று அலுவலர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நீண்ட காலம் அந்த வேலையில் இருந்தவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களைவிட நன்றாகச் செய்துவிடவில்லை.

நம் ஊர் மனிதர்கள் இந்த ஆய்வுகளைப் படிக்காமலே இதை அனுபவித்தவர்கள். மன்னம்பிட்டிப் பக்கம் போனாலும் மட்டக்களப்புக்குப் போனாலும் சோதனைச் சாவடியில் இறங்கி, ஐ.சி. என்கிற அடையாள அட்டையை நீட்டி, பதினாறு வயதில் எடுத்த படத்துக்கும் நாற்பது வயது முகத்துக்கும் இடையே ஓர் இளம் சிப்பாய் மாறி மாறிப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற போர்க்காலம் அது. அவர் நம்மை முன்பின் அறியாதவர். அவர் கண்ணைக் குறைசொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவரிடம் கேட்கப்பட்ட வேலையே மனிதக் கண்ணுக்குச் சரிவராத வேலை.

அந்தக் காலத்தில் இதற்கு நேர் எதிரான முறையும் ஒன்று இருந்தது. சுற்றிவளைப்பில் ஊரார் வரிசையாக நடக்க, முகத்தை மூடிய ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். தலை ஆடினால் ஆளைத் தனியே எடுப்பார்கள். தலையாட்டி என்றே அவருக்குப் பேர் வந்துவிட்டது. அவர் ஊரறிந்தவர், ஆட்களைத் தெரிந்தவர், ஆகவே மட்டுக்கட்டக்கூடியவர். ஆனால் அந்தத் தலையாட்டலை ஒருவராலும் சரிபார்க்க முடியாது. என்ன கண்டார், எதை வைத்துச் சொன்னார், பயத்தில் ஆட்டினாரா, பகையில் ஆட்டினாரா என்று கேட்க இடமே இல்லை. வாழைச்சேனையிலிருந்து தெற்கே கொஞ்ச நேரப் பயணத்தில் இருக்கிற வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாய்த் தங்கியிருந்தவர்களை 1990 செப்டம்பர் 5ஆம் திகதி அப்படித்தான் முகமூடிகளின் முன்னே நடக்கவிட்டார்கள். அன்று கொண்டுபோகப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை.

மட்டுக்கட்டுவதன் எல்லை இங்கே நமக்கு நன்றாகத் தெரிகிறது. அது மட்டுக்கட்டியவரோடு நின்றுவிடுகிற அறிவு. எனக்கு உங்களைத் தெரியும் என்பதை நான் இன்னொருவரின் தலைக்குள் எடுத்துவைக்க முடியாது. மூன்றாம் ஆள் ஒருவர் தானே பார்த்துச் சரி, பிழை சொல்லவேண்டுமானால், ஆளுக்கு வெளியே ஏதாவது ஒன்று வேண்டும். அதைத்தான் அடையாளம் என்கிறோம். மாட்டுக்குக் குறி சுடுவது அடையாளம். தோணியில் இலக்கம் எழுதுவது அடையாளம். அடையாளத்துக்கு முன்பழக்கம் தேவையில்லை, குறி எது என்று தெரிந்தால் போதும்.

பத்திரிகைகளில் வருகிற இன்னொரு சொல்லையும் இங்கே தொட்டுவிட்டுப் போவோம். சடலம் இனங்காணப்பட்டது என்றும், இனந்தெரியாத நபர்கள் என்றும் படித்திருப்போம். இளையவர்கள் சிலர் இதைத் தமிழரா, சிங்களவரா, முஸ்லிமா என்று தெரியாத ஆள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாம் வாழ்ந்த காலம் அப்படி எண்ணவைக்கிறது. இங்கே இனம் என்பது வகை, இன்னது என்பது. இனசனம் என்று உறவினரைச் சொல்கிறோமே, அந்தப் பழைய இனம்.

தேசிய அடையாள அட்டைக்கு வருவோம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ், 1972இலிருந்து வழங்கப்படுகிறது. அதற்கு விண்ணப்பிக்கும்போது கிராம சேவகரான ஜி.எஸ்.ஸிடம் ஏன் போகச் சொல்கிறார்கள் என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. யோசித்துப் பார்த்தால் அந்த ஒப்பம் இல்லாமல் முழு ஏற்பாடும் நிற்காது. பத்தரமுல்லையில் இருக்கும் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு நம்மைத் தெரியாது. நம்மைத் தெரிந்த ஒருவர், பொறுப்போடு, தன் பேரையும் பதவியையும் எழுதி, இவர் இன்னார்தான் என்று சொல்லவேண்டும். கிராமத்தின் மட்டுக்கட்டல் அடையாளமாக மாறுகிற இடம் அந்த மேசைதான். முகமூடி இல்லாத தலையாட்டல் அது. பிழை என்றால் ஆரைக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும்.

அட்டையில் படத்தைவிட உறுதியானது இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருந்தன. 2016இலிருந்து பன்னிரண்டு இலக்கங்கள். புதிய அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாம் நாள் பிறந்தீர்கள் என்பது. பெண்ணானால் அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். ஜனவரி 10ஆம் திகதி பிறந்த ஆணுக்கு 010, பெண்ணுக்கு 510. அதற்குப் பின்னால் வரிசை இலக்கம். கடைசியில் வரும் ஒற்றை இலக்கம், முன்னால் உள்ளவற்றை எங்கேனும் பிழையாக எழுதியிருந்தால் காட்டிக்கொடுப்பதற்கு.

இதைத் தெரிந்துகொண்டு தன் நாளை எண்ணிப் பார்க்கிறவர்களில் பலர் திடுக்கிடுகிறார்கள். 1985 மார்ச் 1ஆம் திகதி பிறந்தவர் ஜனவரி 31, பெப்ரவரி 28, மார்ச் 1 என்று கூட்டினால் 60 வருகிறது. அட்டையில் 061 என்று இருக்கும். அலுவலகத்தில் பிழைவிட்டுவிட்டார்கள் என்று கிளம்பவேண்டாம். இந்தக் கணக்கில் எல்லா ஆண்டின் பெப்ரவரிக்கும் 29 நாள்தான். நெட்டாண்டோ இல்லையோ, மார்ச் 1 என்றால் எப்போதும் 61ஆம் நாள். பெப்ரவரி கடந்து பிறந்தவர்களுக்குச் சாதாரண ஆண்டுகளில் ஒரு நாள் கூடித்தான் நிற்கும். நாட்டில் எந்த மூலையிலும் ஆரும் ஒரே விதமாய் வாசிக்க வேண்டுமே, அதற்காக நாட்காட்டியே கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

அட்டையும் இல்லை, பேரும் இல்லை, மட்டுக்கட்டத் தெரிந்த ஜி.எஸ்.ஸும் பக்கத்தில் இல்லை என்றால்? 2004 டிசம்பர் 26 அப்படியொரு நாள். கல்குடாவிலிருந்து தெற்கே கரை முழுவதும் அலை ஏறியது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையோர வீடுகளோடு பிறப்புச் சான்றிதழ்களும் குடும்பப் படங்களும் போயின. கல்முனை வைத்தியசாலைக்கு இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து பால்குடிக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அன்று அனுமதிக்கப்பட்டவர்களில் 81ஆவது ஆள். ஆர் பெற்ற பிள்ளை என்று தெரியாததால் 81 என்பதே அதன் பேராயிற்று. அந்தப் பேரிலேயே உலகமெங்கும் செய்தி பரவியது.

ஒன்பது தாய்மார் அதைத் தங்கள் பிள்ளை என்றார்கள் என்று அப்போது எழுதினார்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. ஆனால் நீதிமன்றத்தில் முறைப்படி உரிமை கோரியது ஒரே தம்பதி. மற்றப் பெண்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வைத்தியசாலை வாசலில் நின்ற ஒருத்திக்கு, சேறு படிந்த எந்தக் குழந்தையின் முகத்திலும் தன் பிள்ளையின் சாயல் தெரிந்திருக்கும். கிழமைக்குக் கிழமை மாறுகிற முகம் அந்த வயதுக் குழந்தையின் முகம்.

கோரிய தம்பதிக்குத் தங்கள் பிள்ளையைத் தெரிந்திருந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா என்று ஊரெல்லாம் கேட்டது. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் கல்முனை நீதிமன்றம் தாயின் அறிவைக் கடன் வாங்கித் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீதிவானும் சரிபார்க்கக்கூடிய ஒன்று வேண்டும். அதனால் டீஎன்ஏ பரிசோதனைக்கு உத்தரவாயிற்று.

அந்தச் சோதனை குழந்தைக்குள் தகப்பன் பேரைத் தேடுவதில்லை. அது எண்ணிப் பார்க்கிற வேலைதான். கல்முனைக்குப் பக்கத்தில் மருதமுனை இருக்கிறதே, அங்கே நெய்கிற சேலையின் கரையில் ஒரே பூ திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்திருப்போம். நம் உயிரணுக்களில் இருக்கும் நீண்ட டீஎன்ஏ இழையிலும் குறித்த சில இடங்களில் ஒரு சிறு துண்டு அப்படியே திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒவ்வோர் இடத்திலும் ஒருவருக்கு இரண்டு எண்கள். ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தகப்பனிடமிருந்து வந்தது. குழந்தைக்கு ஓரிடத்தில் 9, 12 என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கு 9, 14. தகப்பனுக்கு 11, 12. பொருந்துகிறது: 9 தாயுடையது, 12 தகப்பனுடையது. ஓரிடத்தில் பொருந்துவது தற்செயலாகவும் நடக்கலாம். பத்துப் பன்னிரண்டு இடங்களிலும் பொருந்தினால் தற்செயலுக்கு இடமில்லாமல் போய்விடும். பல இடங்களில் பொருந்தாவிட்டால் எவ்வளவு சாயல் இருந்தாலும் அவர்களுடைய பிள்ளை அன்று. முகத்தை ஒருவரும் பார்க்கவேண்டியதில்லை. எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் எந்த நாட்டு ஆய்வுகூடமும் அதே முடிவுக்குத்தான் வரும்.

அவர்களுடைய பிள்ளைதான் என்ற முடிவு 2005 பெப்ரவரி 14ஆம் திகதி நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. இரண்டு நாள் கழித்துக் குழந்தையை அவர்களிடம் கொடுத்தார்கள். தானே மட்டுக்கட்டிய பிள்ளைக்காக அந்தத் தாய் ஏழு கிழமைக்கு மேல் காத்திருந்தாள்.